கண்ணாடி குடித்த வண்டியின் பின் அச்சு

அந்த எஞ்சின் மேல் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இது அரசுத் திட்டத்தில் ஒப்படைக்கப்பட்ட வண்டி, எண்ணெய்க்குப் பதில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓட்டியதால் எஞ்சினின் உட்புறம் கெட்டுவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. சோடியம் சிலிகேட்டைத் திரவக் கண்ணாடி என்றும் சொல்வார்கள். எஞ்சினில் இருக்கும் எண்ணெயை வடித்துவிட்டு, இந்தக் கரைசலை ஊற்றி, கொஞ்ச நேரம் வேகமாக ஓடவிட வேண்டும். சூட்டில் நீர் ஆவியாகிப் போகும். மிஞ்சுவது பேரிங்குகளில் படிந்து இறுகும். சில நிமிடங்களில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அப்புறம் எந்தக் கொம்பன் மெக்கானிக் வந்தாலும் அதை எழுப்ப முடியாது.

2009ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். வடக்கு ஓஹாயோவில் நான் குடியிருந்த ஊருக்கு வெளியே இருந்த காயலான்கடை அது. கடை என்று சொல்கிறேனே தவிர, உண்மையில் அது கார்களை வரிசையாக நட்டு வைத்த ஒரு பெரிய வயல். வாசலில் இரண்டு டாலர் கட்டிவிட்டு ஸ்பானர் பெட்டியோடு உள்ளே போகலாம். வேண்டியதை நாமே கழற்றி எடுத்துவந்து காசு கொடுக்க வேண்டும். என்னை அங்கே கூட்டிப்போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். வார்ப்பட ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொட்டகையில் 1974ஆம் வருட ஃபோர்டு மேவரிக் ஒன்று பின் சக்கரங்கள் இல்லாமல் மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்துக்காக அதை அவர் தயார் செய்துகொண்டிருந்தார். அதற்கு ஒரு பின் அச்சு வேண்டும். அதைத் தேடித்தான் வந்திருந்தோம்.

எங்கள் முன்னால் நின்றது பச்சை நிற ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், நான்கு சக்கர இயக்கம் கொண்டது. அந்த வருடம் ஜூலையிலும் ஆகஸ்டிலும் அமெரிக்க அரசு நடத்திய திட்டத்தில், பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு எரிபொருள் குறைவாகக் குடிக்கும் புது வண்டி வாங்கியவர்களுக்கு 3,500 அல்லது 4,500 டாலர் கழிவு கிடைத்தது. சுமார் 6,77,000 வண்டிகள் அப்படி ஒப்படைக்கப்பட்டன. அவற்றில் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தது இந்த எக்ஸ்ப்ளோரர்தான். ஒப்படைத்த வண்டி மறுபடி சாலைக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் எஞ்சினுக்குக் கண்ணாடி புகட்டினார்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. எஞ்சின் பிளாக்கை விற்கக் கூடாது. சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தொகுதியையும் முழுசாக விற்கக் கூடாது. ஆனால் கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் அச்சு இவற்றைத் தனித்தனி உறுப்பாகப் பிரித்தால் விற்கலாம். யாரோ ஒருவர் அந்த வாசகத்தைச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் இரும்பின் மதிப்பு தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கூடவே ஒரு கெடுவும் இருந்தது. 180 நாட்களுக்குள் வண்டியை நசுக்கியோ துண்டு துண்டாக்கியோ முடித்துவிட வேண்டும். அதற்குள் அச்சைக் கழற்றுகிறவர் வந்தால் அது பிழைக்கும். இல்லையென்றால் கூரையோடும் கதவுகளோடும் சேர்ந்து உலைக்குப் போகும்.

இந்த வகை அச்சின் பிறந்த வீடு மிச்சிகன் மாநிலம் ஸ்டெர்லிங் ஹைட்ஸ் நகரில் உள்ள ஃபோர்டின் அச்சுத் தொழிற்சாலை. உள்ளே இருக்கும் பெரிய கிரவுன் பல்சக்கரத்தின் விட்டம் 8.8 அங்குலம். அதனால் இதற்கு 8.8 என்பதே பெயராகிவிட்டது. ஃபோர்டின் லாரிகளிலும் 1986 முதல் மஸ்டாங்கிலும் இதே குடும்பத்து அச்சுதான். ஒரு குடும்பம் என்றாலும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக இருப்பதில்லையே! அந்தக் காலத்து மஸ்டாங்கின் அச்சில் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் உள்முனையில் 28 ஸ்ப்ளைன், அதாவது 28 வரிப்பற்கள். 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரரில் 31. மூன்று பல்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் பல் கூடும்போது தண்டின் விட்டமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடியாக ஏறும் என்பது பொறியியல் பாலபாடம். ஆக, பத்தில் ஒரு பங்கு தடிப்புக்கு மூன்றில் ஒரு பங்கு வலு கிடைத்துவிடுகிறது. இதோடு எக்ஸ்ப்ளோரரின் அச்சுக் குழாய்களும் மஸ்டாங்கினுடையதைவிடப் பெரியவை. பிரேக்கும் டிரம் அல்ல, டிஸ்க்.

இத்தனையும் பந்தயத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளையும் கூடாரத்தையும் ஏற்றிக்கொண்டு, பின்னால் ஒரு படகையும் இழுத்துக்கொண்டு மலையேறும் குடும்ப வண்டி இது. சாதாரணமாகவே இரண்டு டன்னை நெருங்கும் எடை. அதைத் தாங்கத்தான் இந்தத் தடிப்பு. 1990இல் அறிமுகமாகி, அந்தப் பத்தாண்டுகளின் பிற்பாதியில் வருடத்துக்கு நான்கு லட்சம் அளவில் விற்றது எக்ஸ்ப்ளோரர். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றபோது, அந்த டயர்கள் பிய்ந்து, வண்டிகள் உருண்டு, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த செய்தியோடு இந்த வண்டியின் பெயரும் சேர்ந்துகொண்டது. 2002இல் வந்த நான்கு கதவு எக்ஸ்ப்ளோரருக்குப் பின்னால் ஒரே தண்டான அச்சு கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்புக்கு மாறிவிட்டார்கள். அந்த வருடத்து வண்டியில் போய்த் தேடினால் ஏமாற்றம்தான். பெரியவர் வரிசையில் நடக்கும்போதே முன்முகத்தைப் பார்த்து வருடத்தைக் கணித்து, வேண்டாதவற்றைத் தள்ளிக்கொண்டே போனார்.

அமெரிக்கப் பந்தயக்காரர்களிடம் கேட்டால் முதலில் சொல்லும் பெயர் ஃபோர்டின் 9 அங்குல அச்சு. 1957இல் வந்தது, 1986 வரை ஃபோர்டு வண்டிகளில் இருந்தது. அதன் பல்சக்கரத் தொகுதியை முன்பக்கமாக அப்படியே உருவி எடுக்கலாம். கிரவுனைச் சுற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் மூக்குப் பக்கத்தில் மூன்றாவது பேரிங் ஒன்று உண்டு, அதனால் பாரத்தில் பினியன் விலகாது. அதன் புகழ் நியாயமானதுதான். ஆனால் புகழுக்கு விலை உண்டு. காயலான்கடைகளில் 9 அங்குலத்தைப் பார்த்தே வெகுகாலமாகிறது என்றார் பெரியவர். கண்ணில் பட்டாலும் அது தெரிந்தவர் கையில்தான் இருக்கும், விலையும் தெரிந்தேதான் சொல்வார். புதிதாகச் செய்து வாங்கினால் ஆயிரக்கணக்கில் டாலர். செவர்லேயின் 12 போல்ட், கிரைஸ்லரின் எட்டேமுக்கால் அங்குலம் இரண்டும் ஐம்பது, அறுபதுகளின் பிள்ளைகள். அவற்றுக்கும் அதே கதி. டானா 60 எதையும் தாங்கும், ஆனால் அது லாரி அச்சு. மூவாயிரம் பவுண்டுக்குள் நிற்கும் மேவரிக்குக்கு அந்தக் கனம் வீண் சுமை.

மேவரிக்கில் ஏற்கெனவே இருந்தது 8 அங்குல அச்சு. நல்ல அச்சுதான். சாலை டயரோடு ஓட்டினால் காலத்துக்கும் உழைக்கும். அச்சை முறிப்பது எஞ்சினின் பலம் என்று நான் நினைத்திருந்தேன். பெரியவர் திருத்தினார்: முறிப்பது பிடிமானம். டயர் வழுக்கினால் முறுக்கெல்லாம் புகையாகப் போய்விடும், அச்சுக்கு வலிக்காது. டயர் தரையைப் பற்றிக்கொண்டால் அத்தனை முறுக்கும் போக இடமில்லாமல் ஷாஃப்ட்டிலும் பல்லிலும் போய் நிற்கும். கணக்குப் போட்டும் காட்டினார். எஞ்சின் தருவது 300 பவுண்டு அடி. கியர்பாக்ஸின் முதல் கியர் அதை 2.46 மடங்காக்குகிறது. பின் அச்சு இன்னொரு 3.73 மடங்கு. பெருக்கினால் 2,750ஐத் தாண்டிவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டர் புறப்படும் கணத்தில் இதை மேலும் பெருக்கும். மிருதுவான பந்தய டயரைப் போட்ட அன்றைக்கு இந்தப் பாரம் முழுவதும் வந்து இறங்கும். 8 அங்குலத்தைக் கழற்றி வைத்ததற்கு அதுதான் காரணம்.

இனிமேல்தான் தேர்வு என்ற வேலையே தொடங்கியது. அந்த வரிசையில் ஏற்ற வருடத்து எக்ஸ்ப்ளோரர்கள் ஏழு நின்றன. ஏழிலும் 8.8 இருந்தது. பின்பக்க மூடியின் வடிவத்தைப் பார்த்தே அதைச் சொல்லிவிடலாம். ஆனால் உள்ளே என்ன விகிதம், எந்த வகை டிஃபரன்ஷியல் என்பது வெளியே தெரியாது. அதற்கு ஜாதகம் பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் அச்சு என்ற கட்டத்தில் இரண்டே எழுத்து. வெறும் எண்களாக இருந்தால் சாதாரண டிஃபரன்ஷியல். டி என்ற எழுத்தில் தொடங்கினால், இரு சக்கரத்துக்கும் சேர்த்து முறுக்கைக் கொடுக்கும் ட்ராக் லாக் வகை. பெரியவர் தேடியது டி4, அதாவது 3.73 விகிதம், ட்ராக் லாக்கோடு.

அந்த இரண்டும் ஏன் முக்கியம் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் பாதி விளங்காது. சாதாரண டிஃபரன்ஷியல் முறுக்கை இரு சக்கரத்துக்கும் சமமாகத்தான் பங்கிடும். ஒரு சக்கரம் வழுக்கினால், வழுக்குகிற சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதற்கும். பந்தயத்தில் ஒற்றைச் சக்கரம் சுழன்று புகையும், வண்டி நகராது. ட்ராக் லாக்கில் உள்ளே கிளட்ச் தட்டுகள் இருக்கின்றன. அவை இரு ஷாஃப்ட்டையும் ஒன்றாகச் சேர்த்து இழுத்துப் பிடிக்கும். விகிதத்தின் கணக்கு வேறு. 26 அங்குல டயரோடு மணிக்கு 110 மைல் வேகத்தில் முடிவுக்கோட்டைக் கடக்க வேண்டுமென்றால், 3.73 விகிதத்தில் எஞ்சின் ஏறக்குறைய 5,300 சுற்றில் இருக்கும். 4.10 என்றால் 5,800ஐத் தாண்டும். பெரியவரின் எஞ்சினுக்கு 5,500க்கு மேல் மூச்சு வாங்கும். அதனால் 3.73. ஏற்கெனவே சரியான விகிதத்தில் இருக்கும் அச்சு கிடைத்தால் புதுப் பல்சக்கரம் வாங்க வேண்டாம், பொருத்தும் கூலியும் மிச்சம். காயலான்கடையில் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அச்சின் விலையில் பத்து இருபது டாலர் பேரம் பேசுவதைவிட, கதவுத் தாளைக் குனிந்து படிப்பது பல மடங்கு மிச்சம் பிடித்துத் தரும்.

ஏழில் நான்கின் தாளில் எண்கள் மட்டும். ஐந்தாவதின் தாளே போயிருந்தது. ஆறாவது டி4தான், ஆனால் பின்னால் இடிபட்டிருந்தது. பெரியவர் மண்ணில் மல்லாந்து படுத்து அச்சுக் குழாயின் நெடுகக் கண்ணை ஓட்டினார். எழுந்து உதட்டைப் பிதுக்கினார். இடிபட்ட வண்டியின் அச்சுக் குழாய் மயிரிழை வளைந்திருந்தாலும் போதும், பேரிங்கைத் தின்றுவிடும். அதை வாங்காதே என்று என்னிடம் விரலை ஆட்டிச் சொன்னார், ஏதோ நான் நாளைக்கே போய் வாங்கப்போவதுபோல.

ஏழாவதுதான் கண்ணாடி குடித்த பச்சை வண்டி. 1998. தானாக ஓடிவந்து உயிரை விட்ட வண்டி. இந்தத் திட்டத்துக்கு வந்த வண்டிகள் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் விபத்தில் சிக்கி வந்தவற்றைவிட இவற்றின் அடிப்பாகம் நம்பிக்கையானது என்று பெரியவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். தாளில் டி4. டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டில் தொங்கிய தகரச் சீட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தோம். 3எல்73 என்று எழுந்து வந்தது. 3.73இன் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எல் என்ற எழுத்து. அதுவே ட்ராக் லாக்குக்கான அடையாளம். இருந்தும் பெரியவர் விடவில்லை. ஏட்டுச்சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற எண்ணம் உள்ளவர். ஒரு சக்கர முனையைக் கையால் சுற்றினார். எதிர்ப்பக்கமும் அதே திசையில் சுற்றியது. சாதாரண வகையாக இருந்தால் எதிர்த்திசையில் சுற்றும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கர முனையை முழுச் சுற்று ஒன்று சுற்றி எண்ணினோம். மூன்று முழுச் சுற்று, பிறகு முக்காலுக்குச் சற்றுக் குறைவு. சரியாகத்தான் இருந்தது.

கழற்றியது பெரும்பாடு. ஓஹாயோவின் குளிர்காலத்தில் பனி உருக சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். பதினொரு குளிர்காலத்து உப்பு அந்த யு போல்ட்டுகளில் இருந்தது. துருநீக்கும் எண்ணெயைத் தெளித்துவிட்டு ஒரு மணி நேரம் வேறு வண்டிகளைப் பார்த்துக்கொண்டு திரிந்தோம். திரும்பி வந்து நீளக் குழாயை ஸ்பானரின் பிடியில் மாட்டி இருவரும் தொங்கினோம். சில நட்டுகள் வழிக்கு வந்தன, ஒன்று போல்ட்டோடு முறிந்தது, இன்னொன்றை ரம்பத்தால் அறுத்தோம். பட்டை ஸ்பிரிங்கிலிருந்து அச்சு விலகிக் கீழே இறங்கியபோது தரையில் எழுந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. டிஸ்க், காலிப்பர், கைப்பிரேக் கேபிள் எதையும் பெரியவர் அறுக்கவிடவில்லை. அவையும் அச்சோடு வரும் சொத்து.

புறப்படலாம் என்று நான் நினைத்தபோது அவர் இடிபட்ட ஆறாவது வண்டிக்குத் திரும்பிப் போனார். அங்கே அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு உறுப்பு: வலப்பக்கத்து ஆக்ஸில் ஷாஃப்ட்.

எக்ஸ்ப்ளோரரின் அச்சில் பினியன் நடுவில் இல்லை. வலப்புறம் ஒதுங்கியிருக்கிறது. அதனால் இடது குழாய் நீளம், வலது குழாய் குட்டை. மொத்த அகலம் சக்கரம் பொருந்தும் முகத்திலிருந்து மறுமுகம் வரை ஐம்பத்தொன்பதரை அங்குலத்துக்குச் சற்று மேல். மேவரிக்கினுடையது சுமார் ஐம்பத்தாறரை. அப்படியே மாட்டினால் டயர் வெளியே துருத்தும். இந்த இரண்டு குறைக்கும் ஒரே வைத்தியம் இருக்கிறது. முதலில் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவரைக் கும்பிட வேண்டும். இடது குழாயில் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, இரண்டேமுக்காலுக்கும் மூன்றுக்கும் நடுவில், வெட்டி எடுத்துவிட்டு, இடப்பக்கமும் குட்டையான வலது ஷாஃப்ட்டையே போட்டால் போதும். பினியன் நடுவுக்கு வந்துவிடும், அகலமும் மேவரிக்கின் அகலமாகிவிடும். சிறப்பு ஷாஃப்ட் எதையும் செய்யச் சொல்ல வேண்டாம். நமக்கு வேண்டியது இன்னொரு எக்ஸ்ப்ளோரரின் வலது ஷாஃப்ட் மட்டும்.

அதை எடுக்கப் பின் மூடியைத் திறக்க வேண்டும். கறுத்த எண்ணெய் கொட்டியது. இந்த வகை அச்சில் ஷாஃப்ட்டைப் பிடித்து நிறுத்துவது உள்முனையில் மாட்டியிருக்கும் ஒரு சிறு சி வடிவக் கவ்வி. பினியன் குறுக்காணியைக் கழற்றி, ஷாஃப்ட்டை உள்ளே தள்ளினால் கவ்வி கையில் விழும். ஷாஃப்ட்டை வெளியே உருவலாம். 8.8இன் பெரிய பலவீனமும் அந்தக் கவ்விதான். ஓட்டத்தில் ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே நடந்து போய்விடும். அதனால்தான் கால் மைலை 10.99 வினாடியிலோ அதற்குக் குறைவாகவோ கடக்கும் வண்டிக்கு, தனியாகத் தயாரித்த ஷாஃப்ட்டும் அதைப் பிடித்து நிறுத்தும் வேறு அமைப்பும் வேண்டும் என்று அமெரிக்க நேர்கோட்டுப் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ விதித்திருக்கிறது. பெரியவரின் இலக்கு பன்னிரண்டு வினாடி. அதுவரை கவ்வி போதும் என்றார். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்று ஆசை வந்தால் அன்றைக்குக் காசைச் செலவிடத் தயாராக இருக்க வேண்டும், கவ்வியை நம்பி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்றார். ஆசைக்கும் அச்சுக்கும் நடுவில் அவர் இழுத்த அந்தக் கோடு எனக்குப் பிடித்திருந்தது.

வாசலில் அச்சுக்கும் ஷாஃப்ட்டுக்கும் சேர்த்து 150 டாலருக்குள் முடிந்தது.

அடுத்த இடம் வெல்டிங் பட்டறை. அச்சைச் சுமந்து வந்த எங்களால் அங்கே வேடிக்கை பார்க்க மட்டுமே முடிந்தது. 8.8இன் நடுப்பாகம் வார்ப்பிரும்பு, குழாய்கள் எஃகு. தொழிற்சாலையில் குழாயை நடுப்பாகத்துக்குள் அழுத்தித் திணித்து, துளை வழியாக வெல்டு வைத்துவிடுவார்கள். குடும்ப வண்டிக்கு அது தாராளம். பந்தயத்தில் வண்டி பாயும்போது பினியன் கிரவுனின் மேல் ஏறப் பார்க்கும், நடுப்பாகம் குழாயின் மேல் திருகிக்கொள்ளப் பார்க்கும். அதனால் சுற்றிலும் வெல்டு வைத்தாக வேண்டும். வார்ப்பிரும்பு எஃகைப்போல் வளைந்து கொடுக்காது. குளிர்ந்த இரும்பில் வெல்டு வைத்தால் ஆறும்போது விரிசல் விடும். பட்டறைக்காரர் முதலில் நடுப்பாகத்தைத் தீயால் பதமாகச் சுட்டார். நிக்கல் ராடால் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றி வைத்தார். முடித்ததும் கம்பளிபோன்ற தீத்தாங்கும் துணியில் சுற்றி ஓர் இரவு ஆறவிட்டார். பிள்ளை பெற்றவளைப் போர்த்திப் படுக்க வைத்ததுபோல் அந்த அச்சு மூலையில் கிடந்தது.

இடது குழாயை வெட்டி ஒட்டியதில்தான் உயிர் நாடி. இரு முனைகளுக்கும் நடுவே தடித்த நேர்க்கம்பி ஒன்றை, பேரிங் உட்காரும் இடங்களில் வளையங்களைப் பொருத்தி, நெடுகச் செலுத்தினார். அது விரலால் சுற்றினாலும் சுற்ற வேண்டும். ஒவ்வொரு வெல்டுக்கும் பிறகு சுற்றிப் பார்த்தார். ஒருமுறை லேசாகப் பிடித்தது. எதிர்ப்புறத்தில் ஒரு பொட்டு வெல்டு வைத்துக் குழாயை இழுத்துக்கொண்டார். கம்பி மறுபடி சுற்றியது. சூட்டையே சுத்தியலாகப் பயன்படுத்தும் அந்தக் கையை எந்த விலைப்பட்டியலிலும் பார்க்க முடியாது. கூலி, அச்சின் விலையைப்போல் இரண்டு மடங்கு. கொடுத்தபோது பெரியவர் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

பழைய ஸ்பிரிங் தாங்கிகளை அறுத்து எறிந்து, மேவரிக்கின் பட்டைகளுக்கு ஏற்ற இடத்தில் புதியவற்றை வைத்தார்கள். பினியனின் மூக்கு கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கும்படி கோணம் பார்த்து வெல்டு வைத்தார்கள். பாயும்போது பட்டை முறுக்கிக்கொண்டு மூக்கை மேலே தூக்கும். அப்போதுதான் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடு அது நேராக வர வேண்டும்.

கொட்டகைக்குத் திரும்பிய பிறகு பனிக்காலம் முழுவதும் கை வேலை. ட்ராக் லாக்கின் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து வழவழத்திருந்தன. புதுத் தட்டுகளை ஊறப்போட்டு அடுக்கினோம். ஷாஃப்ட் பேரிங்குகளும் சீல்களும் புதிது. கிரவுன் பினியனைப் பெரியவர் பிரிக்க விரும்பவில்லை. பத்து வருடம் ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகிய ஜோடி அது. மஞ்சள் பசையைப் பல்லில் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று மட்டும் பார்த்தோம். விழுந்தது. அளவுமானியை வைத்து இரண்டுக்கும் இடையிலான ஆட்டத்தைப் பார்த்தோம். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினொரு பங்கு. எட்டிலிருந்து பதினைந்துவரை இருக்கலாம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை படித்தார்.

சக்கரத்தின் ஐந்து போல்ட்டுக்கும் மேவரிக்கின் முன் சக்கரத்துக்கும் ஒரே வட்டம், நாலரை அங்குலம். இது வாய்த்த பொருத்தம். பினியன் முனையில் மட்டும் பொருந்தவில்லை. எக்ஸ்ப்ளோரரில் வட்டத் தட்டு, மேவரிக்கின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் குறுக்கு ஜாயின்ட். நடுவில் ஓர் இணைப்புத் தட்டு வாங்கி, ஷாஃப்ட்டையும் புது நீளத்துக்கு வெட்டிச் சமன் பார்த்து வந்தோம். எல்லாச் சீட்டுகளையும் கூட்டியபோது எழுநூறு டாலரை நெருங்கியது. 150 டாலர் அச்சு என்று ஊரில் யாரிடமும் சொல்லாதே, எழுநூறு டாலர் அச்சு என்று சொல் என்றார் பெரியவர். கேட்டுவிட்டு யாராவது ஒரு பையன் அரைக் காசோடு தொடங்கி, வெல்டு வைக்காமல் தடத்துக்கு வந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு.

2010 மே மாதம் ஒரு சனிக்கிழமை. தடத்தின் தொடக்கத்தில் விளக்குக் கம்பம். மஞ்சள் விளக்குகள் எரிந்து பச்சை விழுந்தது. மேவரிக்கின் பின்பாகம் ஒரு கணம் குந்தி உட்கார்ந்தது. மூக்கு மேலே எழுந்தது. நான் வேலிக்குப் பின்னால் நின்று எஞ்சினைக் கேட்கவில்லை, அச்சை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். உறுமலோ தட்டலோ எதுவும் இல்லை. இரண்டு கறுப்புத் தடங்கள், ஒரே நீளத்தில், தரையில் விழுந்திருந்தன. பலகையில் 12.31 என்று வந்தது. அன்று மொத்தம் ஆறு ஓட்டம்.

மறுநாள் காலை பெரியவர் மேவரிக்கைத் தூக்கி நிறுத்தி, பின் மூடியைத் திறந்தார். எண்ணெயைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். காந்தத்தின் முனையில் மை போன்ற சாம்பல் நிறப் பசை. விரலால் தேய்த்தார். நெருடவில்லை. டார்ச்சை உள்ளே பிடித்துக் கிரவுனை ஒவ்வொரு பல்லாகச் சுற்றச் சொன்னார், சுற்றினேன். எண்ணெய் வழிந்து முடித்த பற்களின் மேல் அதே பழைய தடம் பளிச்சென்று இருந்தது.

அந்த நேரம் பச்சை எக்ஸ்ப்ளோரரின் 180 நாட்கள் முடிந்து வெகுநாளாகியிருந்தது. கொட்டகைச் சுவரில் அதன் நீளமான இடது ஷாஃப்ட் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில், மேசை மேல், வெட்டி எடுத்த அந்தக் குழாய் வளையத்தில் பெரியவர் தன் பென்சில்களைப் போட்டு வைத்திருந்தார்.